காற்றின் பங்கு, என் பங்கு

கானல்

சித்திரை பிறந்துவிட்டால் அதிராம்பட்டினத்து உப்பளங்களின் மேல் காலை பத்து மணிக்கே காற்று நெளியத் தொடங்கிவிடும். வெறுங்கண்ணுக்கு அது பளபளப்பு மட்டும்தான். முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்திப் பார்த்தால்தான் அதற்குள் ஓர் ஓட்டம் இருப்பது தெரியும். தரையை ஒட்டிய காற்று சூடேறி, அடர்த்தி குறைந்து மேலே எழும்புகிறது. மேலே உள்ள காற்று அந்த இடத்துக்கு இறங்குகிறது. இரண்டின் ஊடாக வரும் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. தூரத்தில் குவித்திருக்கும் உப்பு அம்பாரத்தின் விளிம்பு ஓரிடத்தில் நிற்பதே இல்லை.

தொலைதூரத்தில் குறிவைத்துச் சுடுபவர்கள் முதலில் படிப்பது இந்தக் கானலைத்தான். நெளிவு நேர் மேலே எழுந்தால் பக்கக் காற்று இல்லை, அல்லது காற்று நேர் எதிரிலிருந்தோ முதுகுப் பக்கமிருந்தோ வருகிறது. சாய்ந்து எழுந்தால் மெல்லிய காற்று. தரையோடு படுத்து ஓடினால் நல்ல காற்று. அதற்கும் மேல் வேகம் கூடினால் கானல் கலைந்துபோகும், அப்புறம் அதனிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தொலைநோக்கியின் குவியத்தை இலக்குக்குச் சற்று முன்னே இழுத்துக்கொண்டால், பாதி வழியில் காற்று என்ன செய்கிறது என்பதையும் பார்க்கலாம்.

நெளிவு நேராக எழும் கணத்தை நம்பிச் சுடுகிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். இடமிருந்து வலம் போன காற்று வலமிருந்து இடமாகத் திரும்பும்போது நடுவில் அப்படி ஒரு கணம் நிற்கும். அமைதி போலத் தெரிவது, பெரும்பாலும் ஒரு மாற்றத்தின் நடுப்புள்ளி.

தூரம் எங்கே தொடங்குகிறது

2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது, நடிகர் அஜித் வந்திருக்கிறார் என்று வாசலில் கூட்டம் திரண்டது. துப்பாக்கி சுடுவது ஒரு விளையாட்டு என்பது காவிரி டெல்டாவில் பலருக்கு அப்போதுதான் கண்முன் வந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். 50 மீட்டர் ரைஃபிளில் அது 10.4 மில்லிமீட்டர். 300 மீட்டரில் 10 சென்டிமீட்டர்.

பத்து மீட்டர் அரங்கம் நான்கு சுவர்களுக்குள் இருக்கிறது. குறி தவறினால் காரணம் சுட்டவரிடமோ அவர் கருவியிடமோதான் இருக்க வேண்டும். வெளியே போகப் போக மூன்றாவது ஆள் உள்ளே வருகிறார்: காற்று. 1876-இல் அமெரிக்காவின் கிரீட்மூரில் தொடங்கிய பால்மா போட்டியின் இன்றைய தூரங்கள் 800, 900, 1000 கெஜம். இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் நடந்துவரும் போட்டிகளிலும் பெரிய பரிசின் கடைசிச் சுற்று 900, 1000 கெஜத்தில்தான். அந்தத் தூரத்தில் கை நடுங்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஜெயிப்பது காற்றைச் சரியாகப் படித்தவர்.

ஒரு குண்டின் கணக்கு

ராணுவத்தில் பழக்கமான 7.62 மில்லிமீட்டர் குண்டு, குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஆயிரம் மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு நொடிக்குச் சற்றே குறைவாக ஆகும். அதற்குள் பூமி அதைப் பத்து மீட்டருக்கும் மேல் கீழே இழுத்துவிடும். எனவே குழல் இலக்கைப் பார்ப்பதில்லை. இலக்குக்கு மேலே, மூன்று மாடி உயரத்தில் இருக்கும் வெற்று வானத்தைப் பார்க்கிறது.

இந்த வீழ்ச்சி பெரிதுதான், ஆனால் பயப்பட வேண்டியதில்லை. ஈர்ப்பு விசை நேற்றும் இன்றும் ஒன்றே. தூரம் சரியாகத் தெரிந்தால் அட்டவணையைப் பார்த்து ஸ்கோப்பின் திருகை இத்தனை கிளிக் திருப்பிவிடலாம். ஒரு கிளிக் நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர், ஆயிரத்தில் பத்து சென்டிமீட்டர். பக்கவாட்டில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதே குண்டை இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளும். இது பத்து மீட்டரைவிடச் சிறிய எண். ஆனால் இந்த எண் அடுத்த மூச்சுக்குள் மாறிவிடும். அட்டவணை கையில் இருக்கும், எந்த வரியைப் பார்ப்பது என்பதுதான் தெரியாது.

பெரிய பிழை எது, சிறிய பிழை எது என்பது அளவைப் பொறுத்ததல்ல. மாறாத பிழை எவ்வளவு பெரிதானாலும் அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம்.

காற்றுக்குச் சாட்சிகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. வருமானம் போன கதையை எல்லோரும் எழுதினார்கள். காற்றைப் படிக்கிறவனுக்கு வேறொரு நட்டமும் உண்டு. தென்னங்கீற்று நல்ல சாட்சி, கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தெரியும். இப்போது மிச்சமிருப்பவை: கருவேல முள்ளில் மாட்டிய நெகிழிப்பை, படகில் உலரும் வலை, வரப்போரத்துக் கோரை, வேலை செய்பவர்கள் தலையில் கட்டிய துண்டின் முனை.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் 1805-இல் வகுத்த அளவுகோல் இன்னும் பயன்படுகிறது. முகத்தில் காற்று உணரும்படி இருந்தால் நொடிக்கு 2 மீட்டர் அளவு. இலைகள் ஓயாமல் ஆடினால் 4. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 6-க்குக் கிட்டத்தில். இங்கே உப்பு வாருகிற அக்காவிடம் கேட்டால் எண் இல்லாமலே சொல்வார்: "கச்சான் எடுத்தா உப்பு வெரசாப் பூக்கும் தம்பி. கடக்காத்து வந்துட்டா தண்ணி அப்படியே கெடக்கும்." மேற்கேயிருந்து தரை மேல் வரும் காற்று வறண்டது, கடலிலிருந்து வருவது ஈரம் சுமந்தது என்பதை அவர் பாத்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

எல்லாச் சாட்சிகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. குழலுக்குப் பக்கத்தில் குண்டைத் தள்ளும் காற்று அதன் திசையையே கொஞ்சம் திருப்பிவிடுகிறது. அந்தக் கோணம் மீதித் தூரம் முழுக்க விரிந்துகொண்டே போகும். இலக்குக்குப் பக்கத்துக் காற்றுக்கு அவ்வளவு செய்ய நேரமில்லை. ஆகவே தூரத்து அடையாளத்தை உற்றுப் பார்க்கிற நேரத்தில் தன் கன்னத்தில் படுவதை மறந்துவிடக் கூடாது.

கடலூர், 1751

குண்டின் பயணத்தை முதன்முதலில் அளந்து எழுதியவர்களில் தலையானவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் வந்த அவருடைய புத்தகத்தைக் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விளக்கங்களையும் சேர்த்து 1745-இல் வெளியிட்டார். ராபின்ஸ் செய்த சோதனை எளியது. கனமான ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதன் மேல் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். ஊசலைக் கிட்டே வைத்தும் எட்ட வைத்தும் சுட்டு, இடைப்பட்ட காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றது என்று பார்த்தார். காற்றின் தடையை ஒரு பொருட்டாக மதிக்காத காலம் அது. துப்பாக்கிக் குண்டின் மேல் காற்றின் தடை அதன் எடையைப் போலப் பல மடங்கு என்று அவர் காட்டினார். ஒலியின் வேகத்தை ஒட்டி அந்தத் தடை திடீரென்று ஏறுவதையும் கவனித்தார்.

மெல்லிய காகிதத் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டும் சுட்டிருக்கிறார். குழலின் முனையை இடப்பக்கம் வளைத்து வைத்துச் சுட்டார். குண்டு முதல் திரைகளை இடப்பக்கமே துளைத்துவிட்டு, பிறகு வலப்பக்கமாக வளைந்து போனது. உருண்டைக் குண்டு எந்தப் பக்கம் சுழல்கிறதோ, காற்று அதை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது என்பதற்கு அந்த ஓட்டைகள் சாட்சி. குழலுக்குள் திருகுக் கோடு வெட்டிச் சுழற்சியைக் குண்டு போகும் திசையின் அச்சில் நிலைநிறுத்த வேண்டும் என்று 1747-இல் ராயல் சொசைட்டியில் வாசித்தார்.

அந்த மனிதர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் சோழமண்டலக் கரைக்கு வந்தார். கோட்டைகளைப் பலப்படுத்துவது வேலை. அடுத்த ஆண்டு ஜூலையில், கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். வயது 44. இன்று உலகில் எங்கே யார் ஆயிரம் மீட்டருக்குக் கணக்குப் போட்டாலும், அந்தக் கணக்கின் தொடக்கத்தில் நிற்பவர் நம் கரையில் அடங்கியவர்.

அவர் செய்ததை ஒரு வரியில் சொன்னால்: வெடிமருந்தின் பங்கையும் காற்றின் பங்கையும் பிரித்தார்.

தஞ்சை, 1808

நிலத்தை முக்கோணங்களாக அளந்துகொண்டு வந்த பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டனுக்குக் காவிரிச் சமவெளியில் ஒரு சங்கடம். ஏறி நின்று பார்க்கக் குன்று இல்லை. கோபுரங்களைத்தான் பிடித்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே தன் பெரிய தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டம் நெளிந்துபோயிற்று. அவர் கூடாரத்தில் உட்கார்ந்து ஆறு வாரம் போலத் தன் கையாலேயே அதைச் சீர்செய்தார்.

அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தொலைதூரப் பார்வைக்கோட்டில் சந்தித்த எதிரி உப்பளத்துக் கானலைப் போன்றதுதான். ஒளி நேராக வருவதில்லை. பின்னாளில் அவர் இடத்துக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இரவில் விளக்கு வைத்து அளக்கச் சொன்னார். ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப, கருவியின் வட்டத்தை மாற்றி மாற்றி வைத்து அளப்பார்கள். கருவியின் பிழை எது, வானத்தின் பிழை எது, கண்ணின் பிழை எது என்று பிரித்தெடுக்க வேறு வழி இல்லை.

உடல்

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் காலாட்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கையில் துப்பாக்கி இல்லாமலே பாடம் சொல்லித் தருவார். திண்ணையில் ஒரு மூங்கில் கழியைத் தலையணை மேல் சாய்த்து, குப்புறப் படுக்கச் சொல்வார். "கண்ண மூடு. ரெண்டு மூச்சு விடு. இப்பத் தொற. எங்க பாக்குது?" கழி சுவரில் குறித்த புள்ளியை விட்டு ஒரு முழம் தள்ளிப் பார்க்கும். கையால் இழுத்துச் சரிசெய்யப் போனால் தடுப்பார். "கைய வெச்சு இழுக்காத தம்பி. இடுப்ப நகத்து." சதையின் பலத்தால் பிடித்து வைத்த குறி, விசையை அழுத்தும் நேரத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எலும்பு தாங்க வேண்டும், சதை சும்மா இருக்க வேண்டும்.

மூச்சிலும் அப்படியே. அடக்கக் கூடாது. வெளியே விட்டபின் அடுத்த மூச்சு வருவதற்கு முன் இயல்பாக ஒரு நிறுத்தம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும். முடியவில்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நீட்டிக்கொண்டே போனால் முதலில் கெடுவது கண். தோட்டா இல்லாமல் பழகும்போது குழல் முனையில் ஒரு நாணயத்தை வைப்பது படைகளில் பழைய வழக்கம். விசை விழுந்த பிறகும் நாணயம் விழாமல் இருக்க வேண்டும். விசையை இழுப்பது விரலின் வேலையில் பாதிதான், இழுத்தபின் சும்மா இருப்பது மறுபாதி.

வெயிலும் உப்பும்

புழுக்கமான காற்று கனமானது என்று உடம்பு சொல்கிறது. அது பொய். நீராவியின் மூலக்கூறு உலர்காற்றின் மூலக்கூறுகளைவிட லேசானது. ஈரக்காற்று வறண்ட காற்றைவிடக் கொஞ்சம் மெலிந்தது, குண்டுக்கு அது கொஞ்சம் குறைவாகவே தடை. வெப்பமும் காற்றை மெலிய வைக்கும். உயரம் இன்னும் அதிகமாக. கடல்மட்டத்து டெல்டாவில் பழகிய ஒரு சிப்பாயை 3500 மீட்டர் உயரத்து லே-க்கு அனுப்பினால், அங்கே காற்றின் அடர்த்தி இங்கிருப்பதில் முக்கால் பங்குகூட இல்லை. இங்கே எழுதிய அட்டவணைப்படி சுட்டால் குண்டு இலக்குக்கு மேலே பறக்கும். அவர் தன் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும்.

வெயிலில் கிடந்த தோட்டா நிழலில் இருந்த தோட்டாவைவிட வேகமாகப் போகும். முதல் குண்டுக்குக் குளிர்ந்திருந்த குழல் பத்தாவது குண்டுக்கு அதே குழல் அல்ல. உப்புக்காற்றில் இரும்பைத் துடைக்காமல் ஓர் இரவு வைத்தால் காலையில் விரலில் செந்நிறம் ஒட்டும். சைக்கிள் செயினுக்கே தெரிந்த விஷயம் இது. துடைப்பது, எண்ணெய் பூசுவது, திருகுகளின் இறுக்கம் பார்ப்பது, தோட்டாவை நிழலில் வைப்பது: வீரம் என்று யாரும் சொல்லாத இந்த வேலைகள்தான் தொலைதூரச் சுடுதலின் பெரும்பகுதி.

பூமி சுற்றுகிறது

குண்டு பறக்கும் இரண்டு நொடிக்குள் பூமியும் கொஞ்சம் சுற்றிவிடுகிறது. அதிராம்பட்டினம் நிலநடுக்கோட்டுக்கு 10 பாகை வடக்கே இருப்பதால், இங்கே ஆயிரம் மீட்டருக்கு அது குண்டை வலப்பக்கம் விலக்குவது மூன்று சென்டிமீட்டருக்குள். லண்டனில் என்றால் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் நேர் கிழக்கே சுட்டால் குண்டு கொஞ்சம் மேலேறும், மேற்கே சுட்டால் கொஞ்சம் இறங்கும். அந்த விளைவு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் அதிகம். இங்கே அது பத்து, பதினைந்து சென்டிமீட்டர் வரும்.

இதைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். காற்றில் நொடிக்கு அரை மீட்டர் தப்பாக மதிப்பிட்டாலே முப்பது சென்டிமீட்டர் போல விலகிவிடும். பூமியின் சுழற்சி பெரிய விஷயம்தான், ஆனால் அன்றைய தவறுக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம்.

இலக்குக்குப் பின்னால்

டெல்டாவில் ஆயிரம் மீட்டர் சமநிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சுடத் தகுந்த இடம் ஒன்றுகூட இல்லை. 7.62 குண்டு தடுக்கப்படாவிட்டால் நான்கு கிலோமீட்டர் வரை போகக்கூடியது. அதைத் தாங்க ஒரு மலையோ உயர்ந்த மண்மேடோ பின்னால் வேண்டும். இங்கே பின்னால் இருப்பது நாற்று நடும் பெண்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை, ரயில் பாதை, அப்புறம் கடலில் படகுகள். ராணுவ அளவுத் துப்பாக்கிகளைச் சட்டமும் பொதுவாகக் குடிமக்களுக்கு அனுமதிப்பதில்லை.

திருச்சியின் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கியது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கனரக இலக்குகளை அடிக்கும் 'வித்வன்சக்' துப்பாக்கி அங்கே உருவானதுதான். ஆகவே இந்தக் கலையின் கருவி நமக்கு அந்நியமல்ல. அது எதற்கானது என்பதும் மறந்துபோகக் கூடியதல்ல. பாக் நீரிணையில் மீன்பிடிக்கப் போனவர்கள் மேல் குண்டு பாய்ந்த செய்தியை இந்தக் கரை பலமுறை கேட்டிருக்கிறது. தொலைநோக்கியில் ஒரு மனிதன் விரல் அகலம்கூட இல்லை, அவன் முகம் கானலில் கரைந்துவிடுகிறது. என்ன இலக்கு, அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் விரலை விசையில் வைக்காதே என்பது உலகம் முழுவதும் சுடுதல் களங்களின் அடிப்படை விதிகளில் ஒன்று. அதைப் பாதுகாப்பு விதி என்று மட்டும் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு கட்டங்கள்

நல்ல சுடுநர்கள் எல்லோரிடமும் ஒரு குறிப்பேடு இருக்கும். தேதி, நேரம், வெப்பம், வெளிச்சம் எந்தப் பக்கம், காற்று எவ்வளவு என்று நினைத்தது, திருகில் எத்தனை கிளிக், குண்டு எங்கே விழுந்தது. இதில் இன்னொரு பதிவும் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. விசை விழுந்த நொடியில் குறி எங்கே நின்றது என்பதை, இலக்கைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லி எழுதிவிட வேண்டும். ஹவில்தார் அண்ணன் சொல்வது: "பாத்துட்டுச் சொல்றது கத தம்பி. பாக்குறதுக்கு முன்ன சொல்லு."

காரணம் நேரானது. 'வலப்பக்கம் போயிற்று' என்று நான் சொன்னேன், குண்டும் வலப்பக்கம் விழுந்தது என்றால், பிழை என்னுடையது. ஸ்கோப்பைத் தொடக்கூடாது. 'நடுவில்' என்று சொன்னேன், குண்டு வலப்பக்கம் விழுந்தது என்றால், காற்றை நான் தப்பாகப் படித்திருக்கிறேன், அல்லது கருவியில் ஏதோ இருக்கிறது. அப்போதுதான் திருகைத் தொட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர் தன் நடுக்கத்துக்குக் காற்றைத் திட்டுவார், அல்லது காற்றின் வேலைக்குத் தன்னை நொந்துகொள்வார். இரண்டுமே அடுத்த குண்டைக் கெடுக்கும்.

துப்பாக்கி இல்லாத நான் இதையே காற்றுமானியோடு செய்கிறேன். வரப்பில் நின்று, கோரையையும் கானலையும் பார்த்து ஓர் எண் எழுதுகிறேன். பிறகு கருவியைத் தூக்கிப் பிடித்து, அது காட்டுவதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறேன். காற்று நிலையான மாதங்களில் இரண்டு கட்டங்களும் நெருங்கி வருகின்றன. ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பும் வாரங்களில் அவை ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. அந்த வாரங்களில் தெரிந்துகொள்ள வேண்டியது, இன்று என் எண்ணை நம்ப முடியாது என்பது. களத்தில் இருப்பவருக்கு அதன் பொருள் இன்னும் தெளிவு: விரலை எடுத்துவிட்டு எழுந்து உட்கார வேண்டும்.

ஆயிரம் மீட்டருக்குத் தேவைப்படுகிறவை என்று பட்டியல் போட்டால் நல்ல குழல், நல்ல கண்ணாடி, ஒரே சீராகச் செய்த தோட்டா எல்லாம் வரும். அவற்றை விலைக்கு வாங்கலாம். முதல் கட்டத்தை எழுதி முடிக்கும்வரை இரண்டாவதைப் பார்க்காத ஒழுக்கத்தை வாங்க முடியாது. அது கைவந்தவர் கொஞ்சமாகத்தான் சுடுவார், ஏனென்றால் தனக்கு எப்போது தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.